தொடர்புடைய வீதங்கள்

ஒரு சமன்பாட்டால் பிணைந்த அளவுகள் காலத்தோடு மாறும்போது, தெரிந்த வீதத்திலிருந்து தெரியாத வீதத்தைச் சங்கிலி விதியால் காணும் கணக்குகள். இடுக்கி மாவட்டத்தில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை நல்ல எடுத்துக்காட்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம் அங்கே 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. மழைக்காலத்தில் மட்டம் எவ்வளவு விரைவாக அந்த எல்லையை நெருங்குகிறது என்பதே கேள்வி. ஆற்று வரத்திலிருந்து, தேனிப் பக்கம் சுரங்கப்பாதை வழியே போகும் நீர் உள்ளிட்ட வெளியேற்றத்தைக் கழித்தால் நிகர வரத்து. அது நீர்ப்பரப்பு, மட்டம் உயரும் வீதம் ஆகியவற்றின் பெருக்கலுக்குச் சமம். நிகர வரத்து நொடிக்கு 200 கன மீட்டர், நீர்ப்பரப்பு 2 கோடி சதுர மீட்டர் எனக் கொண்டால், மட்டம் மணிக்கு 3.6 செ.மீ. உயரும்.

பாடநூலின் கூம்புத் தொட்டியைப் போல அணைக்கு ஒழுங்கான வடிவம் இல்லையே எனலாம். அது தடையல்ல: கன அளவை மட்டத்தைப் பொறுத்து வகையிட்டால் கிடைப்பது அந்த மட்டத்தின் நீர்ப்பரப்பே, கூம்பிலும் அப்படித்தான். ஆனால் மட்டம் ஏற ஏறப் பரப்பும் விரிவதால், விடை அந்தக் கணத்துக்கு மட்டுமே பொருந்தும். மட்டத்தின் மதிப்பை வகையிடும் முன்பே பிரதியிட்டால் அது மாறிலியாகி, வீதம் பூச்சியமாகிவிடும். எனவே முதலில் தொடர்பு, அடுத்து வகையிடல், கடைசியில் எண்கள் என்ற வரிசையே முறை.