தருமாஸ்பத்திரியும் சக்கர நாற்காலியும்

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி 1850ஆம் ஆண்டில் ஒரு தருமாஸ்பத்திரியாகவே தோன்றியது. அந்நாளைய அரசாங்க அதிபர் டைக் துரை முன்னின்று, 'பிரெண்ட் இன் நீட்' எனப் பெயர் பூண்ட நண்பர் சங்கத்தின் வாயிலாக அதனை நிறுவினார். அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது 1907இல். இடைப்பட்ட 57 ஆண்டுகளும் அது கொடையாளரின் கைபார்த்து நின்றது.

அதே காலத்தில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். இரண வைத்தியமும் தமிழில் நூலாயிற்று. அழுகிய காலை அறுத்து உயிரைக் காக்கும் வித்தை குடாநாட்டில் வேரூன்றியது. காலிழந்தவன் நாளைக்குக் கிணற்றடிக்கு எவ்வாறு செல்வான் என்பதோ வைத்தியனின் கேள்வியாகக் கருதப்படவில்லை. அது வீட்டாரின் கேள்வி. தூக்கிச் செல்லத் தோள் உள்ள வீடும் உண்டு. இல்லாத வீடும் உண்டு.

இக்கேள்வியை அரசாங்கங்கள் எப்போது தமதாக்கிக்கொண்டன? ஜெர்மனியில் 1883ஆம் ஆண்டில் பிஸ்மார்க் இயற்றுவித்த நோய்க் காப்புறுதிச் சட்டம், மூக்குக்கண்ணாடி, குடலிறக்கத்துக்கான பட்டி முதலிய சிறு சாதனங்களுக்கே இடமளித்தது. நாற்காலிக்கும் செயற்கை அவயவத்துக்கும் அரசாங்கத்தின் பணம் பெரிதும் திறந்தது, இரு உலகப் போர்களும் ஊனமுற்ற வீரரைத் திரளாகத் திருப்பி அனுப்பிய பின்னரே. பிரித்தானியாவில் வீரர் பெற்ற அவ்வசதி, 1948இல் தேசிய சுகாதார சேவை தோன்றியபோது குடிமக்கள் யாவருக்கும் உரியதாயிற்று.

இலங்கையிலோ 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாயிற்று. காப்புறுதிச் சந்தா இல்லை; வரிப்பணமே மூலம். ஏழை நாடுகள் பலவற்றுக்கு இன்றும் எட்டாத பேறு இது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தப் பேற்றுக்கு ஓர் எல்லை அமைந்தது. சத்திர சிகிச்சையும் மருந்தும் படுக்கையும் இலவசம். வாயிலைக் கடந்து வீடு செல்வதற்கான நாற்காலி மருந்தாக எண்ணப்படவில்லை. அது சமூக சேவையின் பாற்பட்டது. சுகாதாரம் உரிமையாகவும், நாற்காலி உதவியாகவும் இரு வேறு வழிகளிற் சென்றன.

இதனால் இடர்ப்பட்டவருள் பனையேறும் தொழிலாளரைத் தனியே குறிப்பிடல் வேண்டும். உயர்ந்த பனையின் வட்டிலிருந்து தவறி வீழ்ந்து முள்ளந்தண்டு முறிந்தவன், இடுப்பின் கீழ் உணர்வற்றுப் படுக்கிறான். வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வந்துவிட்டது. ஆயின், நட்டஈடு கேட்பதற்கு முதலாளி ஒருவன் இருத்தல் வேண்டுமே! தானே மரம் ஏறித் தானே கள் இறக்குபவன் யாரிடம் கேட்பான்?

1983 முதல் 2009 வரை நீடித்த போர் இக்கேள்வியைப் பல்லாயிரம் வீடுகளுக்குள் கொணர்ந்தது. மிதிவெடியும் எறிகணையும் காலைப் பறித்தன. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் செய்யும் நிலையம் தோன்றியது. இராசத்தானத்து ஜெய்ப்பூரில், 1960களின் இறுதியில் இராம் சந்திரர் என்னும் கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் இணைந்து உருவாக்கிய கால் அது. இறப்பரால் ஆன பாதம்; சப்பாத்து வேண்டாம்; குந்தலாம்; ஈர வயலில் இறங்கலாம்; வெறுங்காலுடன் கோயில் வீதியை வலம் வரலாம். நம் ஊர்களை அறிந்து செய்தது போன்ற பொருள். இங்கும் பணம் வந்தது பெரும்பாலும் கொடையாகவே. 1850இன் வழி மீண்டும் திறந்தது எனலாம்.

செயற்கைக் காலுக்குக் கிட்டிய அறிவு சக்கர நாற்காலிக்கு அத்துணை கிட்டவில்லை. வைத்தியசாலையின் வழுவழுப்பான நிலத்துக்கென அமைந்த நாற்காலி, வடமராட்சி கிழக்கின் மணலில் முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். படலை ஒடுக்கம், வாசற்படி உயரம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில், மக்களுள் நூற்றுக்கு ஒருவர்க்குச் சக்கர நாற்காலி தேவை எனக் கணித்ததோடு, அது அவரவர் உடலுக்கும் ஊருக்கும் பொருந்துதல் வேண்டும் என்றும் கூறியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் யாழ். மாவட்டத்தில் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அக்கணக்கின்படி 5,800 நாற்காலி. போர் நடந்த மண்ணில் இத்தொகை குறைவாக இருத்தற்கு நியாயமில்லை.

இன்று வேண்டுவோர் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரை நாடுகின்றனர். வைத்தியரின் சான்றுடன் விண்ணப்பிக்கின்றனர். அல்லது தொண்டு நிறுவனங்களை அணுகுகின்றனர். அரசாங்க ஊழியருக்கு 'அக்ரஹார' என்னும் காப்புறுதி உண்டு. தோட்டத்திலும் கடலிலும் தம் முயற்சியால் உழைப்போர் அதனுள் அடங்கார். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் நிறைவேறியது. தனிமனித நடமாட்டத்துக்கான சாதனங்களைத் தாங்கக்கூடிய விலையில் கிடைக்கச் செய்தலைப் பற்றிப் பேசும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது.

காப்புறுதி இருந்தால் யாவும் தீரும் என்பதற்குமில்லை. அமெரிக்காவில் முதியோருக்கென 1965இல் சட்டமான மெடிகெயார், நாற்காலியின் விலையில் நூற்றுக்கு 80 பங்கைத் தருகிறது. ஆயின் வீட்டினுள் நடமாட அது இன்றியமையாதது என நிறுவுதல் வேண்டும். தெருவுக்குச் செல்லத் தேவை என்றால் போதாது. எனினும் அங்கே மறுக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம். கொடையாகப் பெற்றவர் எவரிடம் மேன்முறையீடு செய்வது?

இவ்வேறுபாடு புலப்படுவது நாற்காலி வந்த அன்றல்ல, அது பழுதான அன்று. பெரிய சக்கரத்தின் ரியூப்பைச் சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்துவிடுவார்; கம்பியையும் முறுக்கி நேராக்குவார். முன்னாலுள்ள சிறு சக்கரம் உடைந்தால், அதன் அளவுக்கு அவர் கடையில் சக்கரம் இராது.