நீர்ச்சில்லு முதல் நாணய அகழ்வு வரை: மலைநாட்டு மின்விசை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் நிலம், உழைப்பு, மூலதனம் ஆகிய மூன்றையும் விரிவாக நோக்குவர். பொறிகளைச் சுழற்றிய விசையைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. அவ்விசை எங்கிருந்து வந்தது, எவர் கையில் இருந்தது, அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் பெரும்பாலும் பொறியியலாளரின் அறிக்கைகளுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் தனி முக்கியத்துவம் உடையவை. நாட்டின் நீர்மின் உற்பத்தி தோன்றி வளர்ந்த இடம் இம்மலைநாடே. அண்மைக் காலத்தில், வீட்டின் ஒரு மூலையில் வைத்து இயக்கத்தக்க நாணய அகழ்வுப் பொறி என்னும் புதுவகைக் கணினி, இப்பழைய வினாக்களை மீண்டும் எழுப்பியுள்ளது. மின்னை உட்கொண்டு பணத்தை ஈட்டும் பொறி என்று அது பேசப்படுவதால், மின்னை விளைவிக்கும் மலைகளிடையே வாழ்கின்ற மக்களுக்கு அதனால் பயனுண்டா என்று ஆராய்வது பொருத்தமுடையதாகும்.

முதலில் இப்பொறியின் தன்மையைச் சுருக்கமாக நோக்குவோம். சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 ஒக்டோபரில் வெளியான ஒரு கட்டுரை, வங்கியின் இடையீடின்றி இயங்கும் பிட்கொயின் என்னும் எண்ணியல் நாணயத்தை முன்மொழிந்தது. 2009 ஜனவரியில் அது செயற்படத் தொடங்கிற்று. கொடுக்கல் வாங்கல்களைப் பதியும் பொதுப் பேரேட்டில் ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு புதிய பக்கம் சேர்க்கப்படும். அதனைச் சேர்க்கும் உரிமைக்காக உலகெங்கும் உள்ள கணினிகள் ஒரு கணிதப் புதிருக்கு விடை தேடிப் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதிய நாணயம் பரிசாகக் கிடைக்கும். இதுவே அகழ்வு எனப்படுகின்றது. தொடக்கத்தில் 50 நாணயமாக இருந்த பரிசு நான்காண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. போட்டியாளர் பெருகப் பெருகப் புதிரும் கடினமாக்கப்படும். ஆகவே நேற்று வீட்டுக் கணினி செய்த வேலைக்கு இன்று தனிச்சிறப்பான பொறி வேண்டப்படுகின்றது. பொறியின் ஆற்றல் உயர்ந்தபோதிலும் மின்செலவு ஓய்வதில்லை.

வீட்டளவிலான பொறி என்பது பெரும்பாலும் ஆறு படவரைவு அட்டைகளை ஒரு சட்டத்திற் பொருத்தி அமைப்பதாகும். அட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 120 வாற் எனக் கொண்டால், மின்விசிறி முதலானவற்றோடு மொத்தம் 1 கிலோவாற்றை அண்மிக்கும். இரவும் பகலும் ஓடினாலன்றி இதனாற் பயனில்லை. எனவே நாளொன்றுக்கு 24 அலகு, மாதம் 720 அலகு செலவாகும். பிட்கொயினுக்கென்றே செய்யப்படும் பிற்காலப் பொறி ஒன்று 3,000 வாற்றுக்கு மேலும் உட்கொள்ளும். உட்கொண்ட மின் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. ஆதலின் குளிர்ந்த காற்று இப்பொறிக்கு இன்றியமையாதது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை செல்சியஸ் வெப்பநிலையுடைய நுவரெலியா இதற்கு வாய்ப்பான இடமாகத் தோன்றலாம். ஆயினும் மூடுபனியோடு வரும் ஈரம் மின்சுற்றுப் பலகைகளிற் படிந்து அவற்றை அரிக்கும் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

நீரும் குளிரும் உள்ள மலைநாட்டில் விசையைத் தேடும் முயற்சி புதியதன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. தேயிலைக்குப் பறித்த அன்றே வேலை தொடங்கவேண்டும். கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தித் தரம்பிரிக்கும் பணிகள் தோட்டத்துக்குள்ளேயே நிகழவேண்டியிருந்தன. அதனால் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென ஒரு விசையைத் தேடிற்று. ஓடை நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து, நீர்ச்சில்லின் மீது விழச்செய்து, அதன் அச்சிலிருந்து வார்ப்பட்டிகளால் உருட்டுப் பொறிகளை இயக்கினர். பின்னர் இரும்புக் குழாயில் இறங்கும் நீர் பெல்ற்றன் சில்லையும் ஏனைய சுழலிகளையும் சுழற்ற, டைனமோக்கள் மின்னையும் தந்தன. நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இத்தகைய சிறு நிலையங்கள் இருந்தன. அவற்றின் மின் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் சென்றது. அவ்வாய்க்காலை வெட்டியவர்களின் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

தனித்தனித் தோட்டங்களின் எல்லையைக் கடந்து நாடு முழுவதற்குமான மின்விசையைக் கனவு கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர (1874–1953) ஆவார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் அவர் அமைத்த சிறு நீர்மின் நிலையம் 1912இல் நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் அவர் வாசித்த ஆய்வுரை, மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரைக்கொண்டு கைத்தொழிலை வளர்க்கலாம் என எடுத்துக்காட்டிற்று. 1924இல் தொடங்கப்பட்ட வேலை 1927இல் கைவிடப்பட்டது. 1931இல் இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்ற அவர், அங்கும் இத்திட்டத்திற்காக வாதாடினார். ஈற்றில் 1950இல் லக்சபான நிலையம் 25 மெகாவாற் ஆற்றலோடு இயங்கத் தொடங்கியது. 1958இல் அது இருமடங்காயிற்று.

அதன் பின்னர் கட்டுமானம் விரைவாகத் தொடர்ந்தது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக்கொண்டு நோர்ட்டன் பிரிட்ஜில் 50 மெகாவாற் நிலையம் எழுந்து, விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிற்று. 1969இல் மவுசாகலை அணையும் 75 மெகாவாற் ஆற்றலுள்ள பொல்பிட்டிய நிலையமும், 1974இல் 100 மெகாவாற் ஆற்றலுள்ள புதிய லக்சபான நிலையமும், 1983இல் கென்யன் நிலையமும் சேர்ந்தன. 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாற் ஆற்றலுள்ள மேல் கொத்மலைத் திட்டம் நிறைவேறியபோது, சென்கிளயர் நீர்வீழ்ச்சியின் நீரிற் பெரும்பகுதி சுரங்கத்துள் திருப்பப்பட்டது. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருள் அமிழ்ந்தது. வறட்சியில் நீர்மட்டம் தாழும்போதெல்லாம் அந்நகரின் கோயிலும் ஏனைய கட்டடச் சிதைவுகளும் வெளித்தோன்றி, நாடு பெற்ற ஒளிக்கு எவர் விலை செலுத்தினர் என்பதை நினைவூட்டுகின்றன.

இக்கட்டுமானங்கள் எழுந்த காலத்து அரசியலையும் ஒருங்கு வைத்து நோக்கவேண்டும். லக்சபான இயங்குவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியிருந்தது. காசல்ரீ நிறைவுற்றதற்கு முந்திய ஆண்டில், 1964இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. உயர் அழுத்த மின்கம்பிகள் லயங்களின் கூரைக்கு மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்றன. லயத்துள் மின்குமிழ் பரவலாக எரியத் தொடங்கியதோ இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளிலேயாகும். இதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடன்று. குடியிருந்தவருக்கு வாக்கும் இல்லை, வீட்டின் உறுதியும் இல்லை. மின்மானி ஒன்றைத் தம் பெயரிற் கேட்கும் தகுதியே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

தேசிய மின்வலையமைப்பின் வருகை தோட்டங்களின் சிறு நிலையங்களையும் பாதித்தது. மலிவான மின் கம்பிவழியே வந்ததும் பழைய சுழலிகள் கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. எண்ணெய் விலை உயர்வின் பின்னர் சில நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டன. மின்கம்பி எட்டாத கிராமங்களில் மக்கள் தாமே சங்கமமைத்து நடத்திய சிறு நீர்மின் திட்டங்களும் 1990களிற் பெருகின. விநாடிக்கு 20 லீற்றர் நீர் 50 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குமாயின், இழப்புகள் போக ஏறத்தாழ 6 கிலோவாற் பெறலாம் என்பது எளிய கணக்கு. பல குடும்பங்களின் விளக்குகளுக்கு இது போதுமானது. இங்குக் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. சிறு நிலையத்தின் சுழலி இரவும் பகலும் ஒரே அளவாகச் சுழலும். வீடுகளோ மாலையிலேயே மின்னை நாடும். எஞ்சும் மின்னைச் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு வெப்பச்சுருளுக்கு அனுப்பி எரித்துவிடும். வீணே வெப்பமாகும் அந்த மின்னே நாணய அகழ்வுப் பொறிக்கு இயல்பாகப் பொருந்தும் உணவாகும்.

இவ்வுண்மையைப் பிற நாடுகள் முன்னரே கண்டுகொண்டன. சீனத்தின் சிச்சுவான் மாகாணத்து மலைகளில், மழைக்காலத்தில் மிஞ்சும் நீர்மின்னை நாடி அகழ்வோர் பொறிகளோடு சென்றனர். 2021 ஜூனில் அரசு தடைவிதித்ததும் அத்தொழில் ஒரே நாளிற் குலைந்தது. பூட்டானில் அரசின் முதலீட்டு நிறுவனமே நீர்மின்னைக் கொண்டு அகழ்வில் ஈடுபட்டமை 2023இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அங்கு ஆறும் அரசினது, ஆதாயமும் அரசினது. இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளிலிருந்தும் பெறப்படுவது, மின்னின் உடைமை எவரிடம் உள்ளதோ அவரிடமே நாணயமும் தங்கும் என்பதாகும்.

இலங்கையின் நிலை வேறு. மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் இந்நாணயங்களின் ஆபத்தைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அகழ்வு நடவடிக்கை எதற்கும் தான் அதிகாரமளிக்கவில்லை என்பதையும் 2021இல் தெளிவுபடுத்திற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. முதல் உயர்வுக்கு அடுத்த மாதமே, அதாவது 2022 செப்டெம்பரில், எதேரியம் என்னும் இரண்டாவது பெரிய நாணயம் அகழ்வு முறையை முற்றாகக் கைவிட்டது. வீட்டுப் பொறிகளுக்குப் பெரிதும் வருவாய் தந்தது அந்நாணயமே. ஒருபுறம் மின்விலை ஏற, மறுபுறம் வருவாய் அற்றுப்போக, கடன்பட்டு வாங்கிய படவரைவு அட்டைகள் பெரும்பாலும் விற்பதற்குரிய பழம்பொருள்களாயின.

இனி, ஹற்றன் பகுதித் தோட்டமொன்றின் லயத்து அறையில் இத்தகைய பொறி இயங்குவதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகுக்கு உட்பட்ட ஏழைக் குடும்பம் குறைந்த விலை பெறும். 180ஐக் கடந்த ஒவ்வோர் அலகும் மிக உயர்ந்த விலைக்கு உட்படும். பொறியின் 720 அலகு, சலுகை எல்லையைப் போலப் பன்னிரு மடங்காகும். 230 வோல்ற்றில் 1 கிலோவாற் என்பது 4.3 அம்பியர். விளக்குக்கும் வானொலிக்குமென இழுக்கப்பட்ட 5 அம்பியர் இணைப்பு, ஓய்வின்றி அதனைத் தாங்குவது எல்லையைத் தொடும் செயலாகும். தடித்த செப்புக்கம்பியும், நிலத்தொடுப்பும், தானே அறுக்கும் ட்ரிப் சுவிட்சும் இல்லையேல் பலகைச்சுவரும் தகரக்கூரையும் உடைய நெடுவரிசையில் ஒரு தீப்பொறி பத்துக் குடும்பங்களின் உடைமையை அழிக்கப் போதுமானது. லயங்கள் மின்னொழுக்கால் தீக்கிரையாவது மலையகத்தில் அறியாத செய்தியன்று. எஞ்சுவது ஓடை நீரே. அதனைத் தடுத்துச் சுழலி வைக்க நிலம் வேண்டும். நிலமோ கம்பனியின் குத்தகையில் உள்ளது.

ஆகவே, வீட்டு நாணய அகழ்வு இலாபமா நட்டமா என்னும் வினாவுக்கு இன்றைய விடை நட்டம் என்பதே. ஆயினும் வரலாற்று மாணவன் அவ்விடையோடு அமைதல் ஆகாது. நூறாண்டுக்கு முன் தொழிற்சாலையின் வார்ப்பட்டியைச் சுழற்றிய நீர், அரை நூற்றாண்டுக்கு முன் கொழும்பின் ஆலைகளை இயக்கிய நீர், இன்று எண்ணியல் நாணயம் ஈட்டத்தக்க நீர் எல்லாம் ஒன்றே. ஒவ்வொரு காலத்திலும் பொறி மாறிற்று. நீர் பாயும் நிலத்தில் வாழ்வோர்க்கு அந்நிலத்தின்மீது உரிமையின்மை மட்டும் மாறவில்லை. மலைநாட்டு மக்களுக்கு முதலில் வேண்டுவது தம் பெயரில் ஒரு காணி உறுதியும், தம் பெயரில் ஒரு மின்மானியும், தம் ஓடையில் ஒரு பங்குமாகும். அவை கிடைத்தபின், அந்த ஓடையின் மிகைமின்னைக் கொண்டு கொழுந்தை உலர்த்துவதா, கணினியை இயக்குவதா, பிள்ளைகள் படிக்க விளக்கேற்றுவதா என்பதை அவர்களே தீர்மானிப்பர். அத்தீர்மானத்தை எடுக்கும் உரிமை அவர்தம் கைக்கு வரும் நாளே மலைநாட்டு மின்விசை வரலாற்றின் அடுத்த அத்தியாயம் தொடங்கும் நாளாகும்.