யாழ்ப்பாணக் குடாநாட்டு விளையாட்டு மரபிற் போட்டியும் மதிப்பும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

அரசர்களையும் ஆட்சி மாற்றங்களையும் விரிவாக ஆராயும் வரலாற்று நூல்கள், மாலை வேளைகளில் மக்கள் திரண்டு நின்ற மைதானங்களைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும், ஒரு சமூகம் யாருடன் மோத விரும்புகின்றது, வென்றபோது எவ்வாறு ஆர்ப்பரிக்கின்றது, தோற்றபோது எவ்வாறு வீடு திரும்புகின்றது என்பவற்றை நோக்குமிடத்து, அச்சமூகத்தின் உள்ளமைப்பை வேறெங்கும் காணவியலாத தெளிவோடு அங்குக் காணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் எதிரெதிர் அணிகளின் ஆதரவாளரிடையே நிலவிவந்த போட்டியுணர்வையும், அதனோடு பின்னிப்பிணைந்து வளர்ந்த மதிப்பையும் வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கட்சியாகப் பிரிந்து நின்று மோதும் வழக்கம் ஆங்கிலேயர் கொணர்ந்ததன்று. ஈழத்தின் கிழக்குப் பகுதியிற் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டு இதற்குச் சிறந்த சான்றாகும். ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாகும். ஒரு பிரிவு கோவலன் பக்கம், மற்றையது கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இரு பக்கத்தாரும் இழுப்பர். தோற்றவரை வென்றவர் வசைபாடுவதற்கும் அங்கு இடமுண்டு. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு நிகழும் ‘அங்கெலிய’ இதனை ஒத்ததேயாகும். மழை வேண்டியும் நோய் நீங்கவும் நிகழ்த்தப்பட்ட இவ்விளையாட்டிலே, வசையும் ஆரவாரமும் சடங்கின் எல்லைக்குள் அடங்கிநின்றன. எதிர்ச்சேரி இல்லையெனிற் சடங்கே இல்லை. ஆகவே எதிர்த்து நிற்பவன், வேண்டப்பட்டவனாகவும் இருந்தான். குடாநாட்டிலும் சித்திரைப் புத்தாண்டுக் காலத்துப் போர்த்தேங்காயும் மாட்டுவண்டிச் சவாரியும் இத்தகைய கட்சிப் பற்றினை வளர்த்தன.

இப்பழைய மரபின்மீது புதியதொரு விளையாட்டு மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து படிந்தது. 1816 ஆம் ஆண்டினைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியை மெதடிஸ்த மிசனரிமாரும், 1823 இல் நல்லூரிலே தொடங்கிப் பின்னர் சுண்டிக்குளியில் நிலைபெற்ற பரியோவான் கல்லூரியை அங்கிலிக்கன் மிசனரிமாரும் நிறுவினர். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனும், 1850 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் புனித பத்திரிசியார் கல்லூரியெனப் பெயர்பெற்ற பாடசாலை வாயிலாகக் கத்தோலிக்கரும் கல்விப் பணியில் ஈடுபட்டனர். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. மதப்பிரிவுகளிடையே நிலவிய போட்டி பாடசாலைப் போட்டியாகவும், பாடசாலைப் போட்டி மைதானப் போட்டியாகவும் உருமாறியது. கண்டனப் பிரசுரங்களில் மோதிக்கொண்ட சமயத்தவரின் பிள்ளைகள், பின்னாளிலே பொதுவான விதிகளையும் ஒரே நடுவரையும் ஏற்று மோதலாயினர். இம்மாற்றம் சிறிதன்று.

1904 இல் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையே துடுப்பாட்டப் போட்டி ஆரம்பமாயிற்று. ‘வடக்கின் பெரும் போர்’ என இன்று வழங்கப்படுவது இதுவேயாகும். புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்குமிடையிலான ஆட்டம் ‘பொன் அணிகளின் போர்’ எனப் பெயர்பெற்றது. போர் என்ற சொல் இரண்டிலும் இடம்பெறுவது நோக்கற்பாலது. கொடிகளோடும் வாத்தியங்களோடும் மாணவர் வீதிவலம் வருவதும், பழைய மாணவர் வெளிநாடுகளிலிருந்தும் வந்து குழுமுவதும், மைதானத்தின் இரு பக்கமும் கூச்சலால் அதிர்வதும் இப்பெயருக்குப் பொருத்தமானவையே. ஆயினும் மாலையிலே இரு கல்லூரிகளின் பழைய மாணவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, பல்லாண்டுகளுக்கு முந்திய ஓர் ஓட்ட எண்ணிக்கையைப் பற்றி விவாதிப்பதைக் காணலாம். எதிரணி வீரனின் திறமையை நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பவர் அவனிடம் தோற்றவர்களேயாவர்.

துடுப்பாட்டம் கல்லூரி மதில்களுக்குள் வளர்ந்ததெனில், உதைபந்தாட்டம் ஊர்களுக்குள் இறங்கிச் சென்றது. 1863 இல் இலண்டனில் விதிகள் வகுக்கப்பெற்ற இவ்விளையாட்டு ஆங்கிலேயரோடு இலங்கை வந்து, பாடசாலைகள் வழியாகக் குடாநாட்டிற் பரவியது. மட்டையும் காப்புக் கவசமும் வேண்டாத, ஒரு பந்தும் ஒரு வெளியும் இருந்தாற் போதுமென்ற அதன் எளிமை, வறியோரையும் அதன்பால் ஈர்த்தது. குறிப்பாகக் கடலோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் அது வேரூன்றியது. பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ் ஆகிய கழகங்களின் பெயர்களே இதற்குச் சான்று பகரும். புனிதர்களின் பெயர்கள் கோயிலையும் பங்கையும் நினைவூட்டுகின்றன. பாடும்மீன் என்பது கடலை நினைவூட்டுகின்றது. உள்ளூர்ப் பகுதிகளில் ஊரெழு றோயல், வதிரி டயமன்ட்ஸ் போன்ற கழகங்கள் வளர்ந்தன. பெயரிலேயே பங்கும் தொழிலும் ஊரும் கலந்திருத்தலின், கழகத்தின் தோல்வி ஊரின் தோல்வியாகவே உணரப்பட்டது.

இங்கு யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியமைப்பைக் குறிப்பிடாது செல்லுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1930 ஆம் ஆண்டளவிலே பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குவதே பெரும் பிணக்காக எழுந்தது. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமைக்கெதிராகக் குரலெழுப்பியது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிற் போராடவேண்டியிருந்தது. தேநீர்க் கடையிலே ஒரே குவளையைப் பகிர மறுத்த சமூகம் அது.

இப்பின்னணியில் உதைபந்தாட்டத்தின் இயல்பைச் சிந்தித்தல் வேண்டும். அது தோளோடு தோள் மோதும் ஆட்டம். எதிரணியினனைத் தொடாது அதனை ஆடவியலாது. பந்துக்குத் தீட்டில்லை. ஓர் ஊரின் அணியை மைதானத்திற்கு அழைத்து, அதனோடு சமமான எண்ணிக்கையில் நின்று, ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஆட உடன்படுதல், அவ்வூராரைச் சமமானவராக ஏற்றுக்கொள்வதன் முதற்படியாகும். இழிவாகக் கருதப்படுபவனோடு எவரும் போட்டியிடுவதில்லை. அவனைப் புறக்கணிப்பதே வழக்கம். போட்டியிடத் தகுந்தவனெனக் கொள்வதே ஒருவகை மதிப்பாகும். எதிரணி என்ற தகுதியைப் பெறுவதற்கே சில மக்கட் பிரிவினர் தலைமுறைகளாகக் காத்திருக்க நேர்ந்த சமூகத்திலே இவ்வுண்மையின் பெறுமதி பெரிது.

எனினும் விளையாட்டுச் சாதியை ஒழித்துவிட்டதெனக் கூறுவது மிகைப்படக் கூறலாகும். ஊர்கள் பெரும்பாலும் சாதி அடிப்படையில் அமைந்திருந்தமையால், ஊர்க் கழகங்களும் அவ்வமைப்பையே பிரதிபலித்தன. ஒரே அணியிற் சேர்ந்து ஆடுவதற்கு முன்னரே எதிரெதிர் அணிகளாக நின்று ஆடுதல் சாத்தியமாயிற்று. மைதானத்திற் கிடைத்த தொண்ணூறு நிமிடச் சமத்துவம் கோயில் வாயில்வரை செல்லவில்லை. ஆயினும் அச்சமத்துவத்தை ஒருமுறை அனுபவித்தவன், மைதானத்திற்கு வெளியே அது மறுக்கப்படும்போது முன்னைப்போல் மௌனமாயிருத்தல் அரிது.

இனி ஆதரவாளரை நோக்குவோம். குடாநாட்டு மைதானத்திலே எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் ஆதரவாளன் வெறும் பார்வையாளனல்லன். நடுவரின் தீர்ப்பை உடனுக்குடன் விமர்சிப்பவன். எதிரணி வீரரைப் பட்டப்பெயரிட்டு அழைப்பவன். கோல் விழுந்ததும் வெடி கொளுத்துபவன். ஆனால் அவனே எதிரணிக் கோல்காப்பாளன் ஒரு தண்ட உதையைப் பாய்ந்து தடுக்கும்போது தன்னையறியாது கைதட்டிவிடுவான். அக்கைதட்டல் கொள்கையினின்று பிறந்ததன்று, விளையாட்டறிவினின்று பிறந்தது. ஆட்டத்தின் நுட்பத்தை அறிந்தவனுக்கு நல்லாட்டத்தை மறைத்தல் இயலாது. அறியாதவனே எதிரணி செய்த யாவற்றையும் இகழ்கின்றான். மதிப்பென்பது அறிவின் விளைவே என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. இன்று மகளிர் உதைபந்தாட்டத்திலே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் பெற்ற புகழும் இவ்விளையாட்டறிவு புதிய வட்டங்களுக்குப் பரவிவருவதைக் காட்டுகின்றது.

குடாநாட்டு விளையாட்டு வரலாற்றைப் போர்க்காலம் இரண்டாகப் பிளந்தது. இதனை யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் வரலாறே உணர்த்தும். 1975 ஆம் ஆண்டு யூலை 27 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கிய அவ்வரங்கு, கோட்டைக்கும் முற்றவெளிக்கும் அருகே அமைந்திருந்தமையால் போரின் நேரடித் தாக்கத்துக்குள்ளாயிற்று. 1999 இல் அதனைப் புனரமைக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இளைஞர் ஓடியாடிய நிலத்தின் கீழே மனிதர் புதைக்கப்பட்டிருந்தனர். இந்திய உதவியோடு மீளக் கட்டப்பெற்ற அவ்வரங்கு 2016 ஆம் ஆண்டு யூன் 18 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. இன்று அங்கு ஆரவாரிப்போர் எத்தகைய மண்ணின்மீது நிற்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

மைதானங்கள் மட்டுமன்றி ஊர்களும் இடம்பெயர்ந்தன. 1990 இல் வெளியேற நேர்ந்த மயிலிட்டி மக்களுக்கு அவர்தம் துறைமுகம் 2017 இலேயே மீளக் கிடைத்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே வீதிக்கு வந்தது. ஊரைவிட்டு அகன்றவர்க்குக் கழகத்தின் பெயர் ஊரின் பெயராகவே நின்றது. இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சுவிற்சர்லாந்து முதலிய இடங்களில் ஊர்ப்பெயராலும் கல்லூரிப்பெயராலும் அணிகள் அமைத்து ஆடுவோர், பழைய எதிரணிகளையும் உடன்கொண்டே சென்றனர். எதிரூராரும் வந்தாலன்றிச் சொந்த ஊரின் நினைவு நிறைவுபெறுவதில்லை என்பது அங்கு உணரப்பட்டது.

இந்நிலையைப் பிறநாட்டு வரலாற்றோடு ஒப்பிடுதல் பயனுடையது. பைசாந்தியத் தலைநகரிலே தேரோட்டப் போட்டிகளின் நீல, பச்சைக் கட்சியினர் கி.பி. 532 இல் ஒன்றுசேர்ந்து பேரரசன் யஸ்ரினியனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி ஏறத்தாழ முப்பதினாயிரம் பேரின் மரணத்தோடு அடக்கப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள கல்கத்தாவை நோக்கின், 1889 இல் தோன்றிய மோகன் பகானுக்கும் 1920 இல் தோன்றிய கிழக்கு வங்கக் கழகத்துக்குமிடையிலான பகைமை உலகறிந்தது. 1980 ஆகஸ்ற் 16 ஆம் திகதி ஈடன் தோட்ட மைதானத்தில் இவ்விரு அணிகளும் மோதியபோது எழுந்த கலவரத்திலே பதினாறு ஆதரவாளர் உயிரிழந்தனர். அதே நகரில் 2024 ஆகஸ்ற் 18 ஆம் திகதி, கொலையுண்ட பெண் மருத்துவர் ஒருவருக்கு நீதிகோரி இரு கழகங்களின் ஆதரவாளரும் தத்தம் நிறக் கொடிகளோடு ஒருங்கே வீதியில் நின்றனர். அவர்கள் கொடிகளைக் கைவிடவில்லை என்பது கவனித்தற்குரியது. போட்டியைத் துறந்து பெற்ற ஒற்றுமையன்று அது. போட்டியாளராகவே இருந்துகொண்டு பெற்ற ஒற்றுமை.

குடாநாட்டிற்கும் இப்பாடம் அந்நியமன்று. 2014 மார்ச்சிலே வடக்கின் பெரும் போர் நடைபெற்ற வேளையில் எழுந்த மோதலில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தமை அம்மரபின்மீது படிந்த ஆறாத வடுவாகும். நெடும்போரிலே எண்ணற்ற பிள்ளைகளை இழந்து, அப்போரினின்று மீண்டு ஐந்தாண்டுகளே கழிந்திருந்த ஒரு சமூகம், விளையாட்டின் பெயரால் மேலுமொரு பிள்ளையை இழந்தது. ‘போர்’ என்ற சொல்லை உருவகமாக ஆள்வதற்கு நமக்குள்ள உரிமையை இந்நிகழ்வு கேள்விக்குள்ளாக்குகின்றது. கொம்புமுறியிலே வசைக்கும் எல்லை வகுத்த சடங்கு இருந்தது. கல்லூரி மைதானத்தில் விதியும் நடுவரும் இருந்தனர். ஊர் மைதானத்திலே மூத்தோர் இருந்தனர். இக்கட்டுப்பாடுகள் தளர்ந்த இடத்திலே ஆதரவு வன்முறையாகின்றது. வேலையின்மையும் போதைப் பழக்கமும் ஊர்க் கட்டமைப்பின் சிதைவும் இத்தளர்ச்சிக்கு வழிவகுக்கின்றன. எனவே காவலரைப் பெருக்குவதால் மாத்திரம் இதற்குத் தீர்வு காண முடியாது. கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இளையோருக்குத் தத்தம் வெற்றிகளை மட்டுமன்றி, எதிரணியின் வரலாற்றையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, யாழ்ப்பாணத்திலே போட்டியும் மதிப்பும் ஒன்றையொன்று விலக்கும் பண்புகளாக அமையவில்லை என்பது புலனாகும். எதிரணி இருந்தமையாலேயே ஊர்கள் தம்மை அறிந்தன. எதிரணியென ஏற்கப்பட்டமையாலேயே ஒதுக்கப்பட்டோர் தம் சமத்துவத்தை நிலைநாட்டும் களமொன்றைப் பெற்றனர். எதிரணியை நினைவிற் கொண்டமையாலேயே இடம்பெயர்ந்தோர் ஊரையும் நினைவிற் கொண்டனர். இறுதி விசில் ஒலித்தபின் இரு ஊராரும் ஒரே பாதையாலேதான் வீடு திரும்பவேண்டியுள்ளது. அப்பாதையில் அவர்கள் எவ்வாறு நடந்து செல்கின்றனர் என்பதைப் பொறுத்தே அவர்தம் விளையாட்டின் தரமும் சமூகத்தின் தரமும் மதிப்பிடப்படும்.