எண்சாண் உடம்பும் போசணை அளவீடும்

‘எண்சாண் உடம்பு’ என்பது தமிழர் வழக்கு. அச்சாண் அவரவர் கைச்சாணே. ஒருவர் உடலுக்கு அவர் உறுப்பே அளவுகோல் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. வளர்ந்தோரின் போசணையை மதிப்பிடும் நவீன அளவீடு இக்கருத்தை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று.

பெல்ஜிய அறிஞர் கெட்லே, 1835இல் வெளியிட்ட நூலில், வளர்ந்தோரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைவதைக் காட்டினார். அவர் தேடியது சராசரி மனிதனை, பசித்தவனை அன்று. 1972இல் அமெரிக்கரான அன்செல் கீஸ் குழுவினர் இதற்கு உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டனர். கிலோகிராம் எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பின் இச்சுட்டி கிடைக்கும். 1988இல் ஜேம்ஸ், பெரோ-லூசி, வாட்டர்லோ ஆகியோர் 18.5இற்குக் குறைந்த சுட்டியை நாட்பட்ட சக்திக் குறைபாட்டின் அடையாளமாக முன்மொழிந்தனர்.

ஆயினும், காலும் மேலுடலும் எல்லார்க்கும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை. அவுஸ்திரேலியப் பழங்குடியினர் போல நெடிய காலும் குறுகிய மேலுடலும் உடையோர்க்குச் சுட்டி தாழும். போதிய போசணை உடையவரும் மெலிந்தவராகக் கணிக்கப்படலாம். அமர்ந்த நிலை உயரத்துக்கும் முழு உயரத்துக்கும் உள்ள விகிதம் 0.48 முதல் 0.55 வரை வேறுபடுகையில், சுட்டி ஏறத்தாழ 5 அலகு வேறுபடும் என நோர்கன் 1994இல் காட்டினார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வுண்மை இருவகையினரிடம் கருதத்தக்கது. ஒருவகையினர் முதியோர். 1.58 மீற்றர் உயரமிருந்த மூதாட்டி ஒருவர் கூன் விழுந்து 1.50 மீற்றராகக் குறுகினார் எனக் கொள்வோம். எடை 45 கிலோகிராமாயின் சுட்டி 20. போசணை போதுமெனத் தோன்றும். பழைய உயரத்தைக் கொண்டால் அது 18, அவர் மெலிந்தவரே. எனவே கைவிரிவை அளந்து பழைய உயரத்தை மதிப்பிடுவர்; முதுமையிலும் கையெலும்பு நீளம் குறைவதில்லை. நம் கடலோடிகள் ஆழம் அளக்கும் ‘பாகம்’ இக்கைவிரிவே.

மற்றவர், 2009இல் முடிவுற்ற போரிலும் கண்ணிவெடியிலும் காலிழந்தோர். முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி உடலெடையில் ஏறத்தாழ 5.9 வீதம். 1.70 மீற்றர் உயரமிருந்தவர் இப்பகுதியை இழந்து 51 கிலோகிராம் எடையுடையவராயின் சுட்டி 17.6, இழந்த எடையைச் சேர்த்துக் கணித்தால் 18.8.

திருத்தமின்றிக் கணித்தால், மூதாட்டி உதவிப் பட்டியலினின்று விடுபடுவார். மற்றவர் குறைபாடுடையோர் தொகையில் சேர்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தோன்றியது. இம்மரபுடைய மண்ணில், எண்ணைக் குறிக்குமுன் உடலமைப்பை நோக்குவது மாணவர் பயிற்சியில் இடம்பெறுதல் வேண்டும்.