பிள்ளைப்பேற்றைத் தீர்மானித்தவர்கள்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வரலாறு

தென்பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இளந்தம்பதியர் பிள்ளைப்பேற்றைப் பற்றி எடுக்க வேண்டியிருந்த முடிவுகள் இரண்டு: முதல் பிள்ளையை எப்போது பெறுவது என்பது ஒன்று, எத்தனையோடு நிறுத்துவது என்பது மற்றொன்று. இயல்பான வரிசையில் முன்னதே முதலில் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இவ்வட்டாரப் பெண்களுக்கு நிறுத்தும் வாய்ப்பே முதலில் கிட்டியது, தொடங்கும் காலத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்போ அதற்குப் பின்னர், அதுவும் அரைகுறையாகவே வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் சரிந்ததைச் சாதனையாகக் கொண்டு எழுதப்பட்ட நூல்கள் இந்த வரிசைப் பிறழ்வில் அதிகம் தங்குவதில்லை. அதற்குப் பெண்கள் கொடுக்க நேர்ந்த விலை 2004ஆம் ஆண்டின் இறுதியில் கடலோரக் குப்பங்களில் வெளிப்பட்டது.

முற்காலத்தில் பிள்ளைப்பேறு தீர்மானத்துக்கு உரிய பொருளாகவே கருதப்படவில்லை; அது இறைவன் கொடுக்கும் வரம், கொடுக்காவிட்டால் வினைப்பயன். இம்மனநிலையை விளக்க இவ்வட்டாரத்திலேயே புகழ்பெற்ற ஒரு வரலாறு உண்டு. சைவ சித்தாந்தத்தின் தலையாய நூலான சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தைச் சேர்ந்த அச்சுத களப்பாளரின் மகனாகப் பிறந்தவர். நெடுங்காலம் மகப்பேறு இல்லாதிருந்த களப்பாளர், தம் குலகுருவான சகலாகம பண்டிதரின் சொற்படி தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார் என்பது மரபு. கயிறு சாத்துதல் என்பது ஏட்டுச் சுவடியினுள் நூலை நுழைத்து, அது எந்தப் பாடலில் விழுகிறதோ அதையே இறைவனின் விடையாகக் கொள்ளும் வழக்கம். திருவெண்காட்டின் மூன்று குளங்களில் நீராடினால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்னும் சம்பந்தர் வாக்கு வரவே, கணவனும் மனைவியும் அங்குச் சென்று நோன்பிருந்து மகனைப் பெற்றனர் என்று அவ்வரலாறு கூறுகிறது. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தந்தையின் பெயரும் குருவின் பெயரும் நிலைத்திருக்க, கருவைச் சுமந்த தாயைப் பற்றி மரபு ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளை வேண்டும் என்னும் விருப்பம் குடும்பத் தலைவனுடையதாகவும் நோன்பு இருவருடையதாகவும் மட்டுமே பதிவாகியிருக்கிறது.

வரத்துக்காகக் காத்திருந்த சமூகத்தில் தொடங்கும் காலத்தை நிறுவியது திருமணமே. பெண்ணுக்குச் சிறுவயதில் மணம் முடித்து, அவள் பூப்பெய்திய பின் சாந்தி முகூர்த்தம், அதாவது கணவனோடு கூட்டி வைக்கும் சடங்கு, நடத்துவது மேல்சாதிக் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. பூப்பெய்திய சில ஆண்டுகளுக்குள் மணம் முடிப்பது வேளாண் குடிகளிடமும் கடற்கரை மீனவரான பட்டினவரிடமும் பரவலாக இருந்தது. சிதம்பரம் நடராசர் கோயிலின் பரம்பரை அர்ச்சகர்களான பொது தீட்சிதர்களிடம் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது: திருமணமான ஆணே பூசை முறையிலும் கோயில் நிர்வாகத்திலும் உரிமை பெறுவான் என்னும் விதி, திருமணத்தை விரைவுபடுத்தும் ஆற்றலாக இயங்கியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வரம்பு விதித்த 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டமும், அதை 18, 21 என உயர்த்திய 1978ஆம் ஆண்டுத் திருத்தமும், 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் அடுத்தடுத்து வந்தபோதிலும், இச்சமூகத்தின் சில திருமணங்கள் தொடர்பாக 2022இல்கூட வழக்குகள் பதிவாகிப் பொது விவாதம் எழுந்தது. மணமான சில மாதங்களிலேயே “ஏதாவது விசேஷம் உண்டா” என்று உறவினர் கேட்கத் தொடங்கும் ஊர்களில் தலைப்பிள்ளையைத் தள்ளிப்போடுதல் என்பது நெடுங்காலம் ஒரு குறையை ஒப்புக்கொள்வதாகவே கொள்ளப்பட்டது.

இக்கட்டுக்குள்ளும் தம் வாழ்வின் போக்கைத் தாமே வகுத்துக்கொண்ட பெண்கள் இருந்தனர். கடலூர் முதுநகரைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாள் (1890-1961) ஆங்கிலேயப் படைத்தலைவர் நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சென்னையில் நடந்த போராட்டத்தில் தம் சிறுவயது மகளையும் உடன் அழைத்துச் சென்றார். 1930களின் தொடக்கத்தில் கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டு, பேறுகாலத்துக்காக வெளியே விடப்பட்டு, பச்சிளங் குழந்தையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பினார். தாய்மையையும் பொதுவாழ்வையும் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்காமல் ஒருசேரச் சுமக்க அவர் காட்டிய உறுதி போற்றத்தக்கது. எனினும் கருவுறும் காலத்தைப் போராட்டத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் வழிவகை அக்காலப் பெண் எவருக்கும் எளிதில் எட்டக்கூடியதாக இல்லை என்பதையும் அதே நிகழ்ச்சி காட்டுகிறது.

அவ்வழிவகையைப் பற்றிய பேச்சு சென்னை மாகாணத்தில் வியக்கத்தக்க அளவு முன்னரே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் மால்தஸ் கொள்கையர் எழுப்பிய வாதங்களின் எதிரொலியாக 1882இலேயே சென்னையில் ஒரு கழகம் தோன்றியது. 1928இல் சென்னைப் புதுமால்தஸ் கழகம் நிறுவப்பட்டது. மக்கள் பெருகினால் உணவு போதாது என்பதே இவற்றின் கவலை. சுயமரியாதை இயக்கம் இதே கருவியை வேறொரு நோக்கத்தோடு கையிலெடுத்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு பெண்ணின் மணவயதை உயர்த்தக் கோரியது. குடி அரசு இதழில் கர்ப்பத்தடையை வலியுறுத்தி எழுதிய பெரியார், நாட்டின் வறுமையையோ தாயின் உடல்நலத்தையோ முதற்காரணமாக வைக்காமல், பெண் விடுதலை பெறுவதற்கே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். உலகின் பிற பகுதிகளிலும் அன்று அரிதாகவே கேட்ட வாதம் இது. ஆனால் விடுதலைக்குப் பின் அரசாங்கம் தன் திட்டத்தை வகுத்தபோது எடுத்துக்கொண்டது பெரியாரின் காரணத்தை அன்று, மால்தஸ் கழகத்தாரின் காரணத்தை. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளைகளுக்குமேல் பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்னும் பொருள்படும் சொல்லால் தம் அறிக்கையில் குறித்தார். அவரே பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவருக்குப் பணம் வழங்கும் முறைக்குப் பெரிதும் துணைநின்றார். 1950களின் பிற்பகுதியில் இந்தியாவிலேயே முதன்முதலாக அவ்வகை ஊக்கத்தொகையை வழங்கத் தொடங்கியது சென்னை மாநிலம். எத்தனை பிள்ளை என்பது இவ்வாறு அரசின் கணக்கேட்டில் ஏறியது. எப்போது தொடங்குவது என்பது அக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கத்திக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பது இன்று மறந்துபோன செய்தி. வாசக்டமி எனப்படும் ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை எளியது, சில நிமிடங்களில் முடிவது. நெருக்கடி நிலையின்போது 1976-77இல் இந்தியா முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சிகிச்சைகள் நடத்தப்பட்டு, அவற்றுள் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவை ஆண்களுக்கே செய்யப்பட்டதன் கசப்பு, அடுத்து வந்த அரசுகளை ஆண்களின் பக்கமே திரும்பாதபடி செய்தது. அதற்குப் பின் சுமை முழுவதும் பெண்ணின்மேல் விழுந்தது. 1980களில் டி.வி. ஆண்டனி போன்ற உயரதிகாரிகளின் முனைப்பும், 1982இல் விரிவுபட்ட சத்துணவுத் திட்டமும், குழந்தை இறப்பு குறைந்ததும் சேர்ந்து தமிழ்நாட்டின் கருவள விகிதத்தை, அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை, 1990களின் தொடக்கத்திலேயே தலைமுறையை ஈடுசெய்யும் அளவான 2.1ஐ ஒட்டிக் கொண்டுவந்தன. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் இதை நடத்தி வைத்தவர் வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர். நடந்த இடம் அரசு மருத்துவமனையின் பிரசவப் பிரிவு. இரண்டாம் பிள்ளை பிறந்த கையோடு தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் செய்து அனுப்புவது வழக்கமாயிற்று. மாத்திரை, காப்பர்-டி போன்ற தற்காலிக முறைகள் இருந்தும், அவை இடைவெளி விடுவதற்கு உரியவை ஆதலால், நிறுத்துவதையே குறியாகக் கொண்ட ஏற்பாட்டில் ஓரத்திலேயே நின்றன. பதினெட்டு, பத்தொன்பதில் மணம், ஓராண்டில் தலைப்பிரசவம், இருபதுகளின் நடுப்பகுதிக்குள் ஆபரேஷன் என்பது ஒரு தலைமுறைப் பெண்களின் வாழ்க்கை அட்டவணையாகவே அமைந்துவிட்டது.

அந்த அட்டவணை ஒரே காலைப்பொழுதில் குலைந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை (சுனாமி) தாக்கிய நாள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் முதல் தெற்கே கிள்ளை வரை கடலோரக் குப்பங்களில் பிள்ளைகள் பள்ளி விடுமுறையால் வீட்டிலும் மணலிலும் இருந்தனர். பெண்கள் படகுகள் கொண்டுவரும் மீனை வாங்கக் கரையில் காத்திருந்தனர். ஆண்களில் பலர் கடலுக்குள் இருந்தனர், ஆழ்கடலில் அந்த அலை படகைப் பெரிதாக அசைக்கவும் இல்லை. ஆக்ஸ்பாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று குறிக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முயன்றே பல தாய்மார் உயிரிழந்தனர். தப்பிப் பிழைத்த தாய்மாருள் ஒரு பகுதியினர் தம் பிள்ளைகளை, சிலர் எல்லாப் பிள்ளைகளையும், இழந்திருந்தனர். அவர்களுள் பலர் முப்பது வயதைக்கூடத் தொடாதவர்கள், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

அரசு இதற்குக் கண்ட விடை கருக்குழாய் மறுஇணைப்பு. கருத்தடைச் சிகிச்சையில் வெட்டிக் கட்டிய குழாய்களின் முனைகளை மீண்டும் திறந்து, நுண்ணோக்கியின் உதவியுடன் மெல்லிய நூலால் ஒன்றோடொன்று தைத்துச் சேர்க்கும் இந்தச் சிகிச்சை நுட்பமானது. எஞ்சியிருக்கும் குழாயின் நீளம், முதலில் வெட்டப்பட்ட முறை, பெண்ணின் வயது ஆகியவற்றைப் பொறுத்தே அதன் பலன் அமையும். குழாயில் வளையம் மாட்டி அடைத்திருந்தால் வாய்ப்பு அதிகம், பிரசவத்தை ஒட்டிக் குழாயின் ஒரு பகுதியையே வெட்டி நீக்கியிருந்தால் குறைவு. கரு கருப்பைக்கு வெளியே குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகச் செய்யவும், தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டால் 25,000 ரூபாய் வரை வழங்கவும் தமிழ்நாடு அரசு 2005இல் ஏற்பாடு செய்தது. பேரிடரின் துயரை வீடு, படகு, நிவாரணத் தொகை என்று மட்டும் அளந்துவிடாமல் தாய்மையின் இழப்பையும் அரசு தன் பொறுப்பாக ஏற்றது அருமையான செயல், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சிகிச்சைக்கு வந்த பெண்கள் எல்லாரும் தம் சொந்த விருப்பத்தால் வந்தனர் என்று கொள்வதும் கடினம். மீண்டும் பிள்ளை பெறாவிட்டால் கணவன் வேறு மணம் செய்துகொள்வான் என்னும் அச்சம் குப்பங்களில் நிலவியதை அக்காலத்துச் செய்திகளும் தொண்டு நிறுவனங்களின் பதிவுகளும் காட்டுகின்றன. துக்கம் ஆறுவதற்குள் அறுவை மேசைக்குச் சென்று, கருவுறாமல் போனபோது இரண்டாம் முறையாகத் தாய்மையை இழந்தவர்களின் வேதனை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நிறுத்தும் முடிவை அத்தனை இளமையில், அத்தனை அறுதியாக எடுக்கச் செய்தது யார் என்னும் கேள்வியை அன்று ஒரு சிலரே எழுப்பினர். தள்ளிப்போடும் முறைகள் முன்னரே பரவியிருந்தால் அவர்களுள் பலருக்கு அந்த மேசை தேவைப்பட்டிருக்காது.

நிறுத்தும் முடிவுக்குள் இன்னொரு முடிவும் மறைந்திருந்தது. இரண்டோடு நிறுத்த வேண்டுமென்றால் அவற்றுள் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்னும் எண்ணம் ஸ்கேன் கருவிகள் பெருகிய காலத்தில் கொடிய வடிவம் எடுத்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் மாநில அளவில் 943 இருக்க, கடலூர் மாவட்டத்தில் 896 மட்டுமே இருந்தனர். மாநிலத்திலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை அது. கைவிடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்வதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இதன் விளைவாகவே 2011இல் கடலூருக்கும் விரிவாக்கப்பட்டது.

தொடங்கும் காலத்தை மெல்ல மாற்றியது மருத்துவமனையைவிடப் பள்ளிக்கூடமே. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி என்று விதித்ததால் மணநாள் தள்ளிப்போயிற்று. 2022இல் அது உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இன்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பெண்கள் திரளாக வருகின்றனர். மாநிலத்தின் கருவள விகிதம் 2020இல் 1.4 ஆகக் குறைந்தது. இச்சரிவு நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்துவிடும் என்னும் அச்சத்தால், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு திருமண விழாவில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், முன்பெல்லாம் பொறுத்துப் பெற்றுக்கொள்ளச் சொன்ன நிலை மாறி, இப்போது உடனே பெற்றுக்கொள்ளும்படி மணமக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதாகக் கூறினார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கேடு தலைகீழாகத் திரும்பியபோதும், கணக்கு நாட்டுடையதாகவே இருந்தது.

கணக்கு வீட்டுடையதாக வேண்டுமென்றால் பேறுகாலத்தின் செலவை யார் ஏற்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். மாநில அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனத்தில் முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. பண்ருட்டியில் கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைப்பவருக்கும் கடலூர்த் துறைமுகத்தில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்பவருக்கும் இவ்விரண்டும் எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியே, அதுவும் தவணைகளாக, இரண்டு பேறுகளுக்கு மட்டும், அவர்கள் கையில் சேரும்.