அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகளும் பெயரறியாக் கைவினைஞர் மரபும்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேடு, 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வால் உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டு வெளியான அறிக்கையின் தலைப்பிலேயே அவர் அதனை இந்திய-உரோம வணிக நிலையம் எனக் குறித்தார். மத்தியதரைக் கடற்பகுதி மட்கலங்களே அவருடைய காலக்கணிப்புக்கு அடிப்படையாயின. இதனால் அங்கு வந்து வாங்கியோர் யார் என்னும் வினா முதன்மை பெற்றது. அங்கிருந்து செய்தோர் யார் என்னும் வினா பின்தங்கியது. கண்ணாடித் தொழிலின் மரபு இப்பின்தங்கிய வினாவிற்கே விடையாகிறது.

விமலா பெக்லி தலைமையில் 1989 முதல் 1992 வரை நிகழ்ந்த அகழாய்வு, உரோமப் பொருள்கள் வருவதற்கு முன்னரே அவ்விடத்தில் மக்கள் வாழ்ந்தமையை உறுதிப்படுத்தியது. அங்குக் கிடைத்த மணிகளை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், முழுமையான மணிகளோடு கண்ணாடிக் குழாய்த் துண்டுகளுக்கும் உலைக் கழிவுகளுக்கும் உரிய இடம் அளித்தார். மணி விற்கப்பட்ட இடம் எங்கும் இருக்கலாம். கழிவு கிடக்கும் இடமே செய்த இடம். ஒரே நிறத்தில் அமைந்த இச்சிறு மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டவரும் அவரே. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் இத்தொழில் நடைபெற்றது. அரிக்கமேட்டுக் கைவினைஞரே இதனைக் கீழ்த்திசைக்குக் கொண்டுசென்றனர் என அவர் கருதினார். பிற்கால வேதியியல் ஆய்வுகள் பல உற்பத்தி மையங்களைக் காட்டி, ஒற்றைத் தாயகம் என்னும் கருத்தைத் தளர்த்தியுள்ளன.

தொழில்நுட்பத்தை அறிய மண்ணுக்குள் மட்டும் தேட வேண்டியதில்லை. ஆந்திரத்தில், திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை அண்மைக் காலம்வரை கையாளப்பட்டது. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டிக் கூம்பாக்கி, நடுவே துளையிட்டு, உலையின் மறுபுறத்திலிருந்து ஒருவர் மெல்லிய குழாயாக இழுப்பார். இழுக்கும் வேகம் மாறினால் மணியின் பருமனும் மாறிவிடும். குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றினால் கூரிய விளிம்புகள் மழுங்கும். இஃது ஒருவர் செய்யும் வேலையன்று. பலர் கைகள் ஒத்திசைய வேண்டிய கூட்டுத்தொழில்.

மூலப்பொருள் குறித்தும் தெளிவு தேவை. முசிறியில் இறக்குமதியான பொருள்களுள் வடிவமைக்கப்படாத கண்ணாடியையும் எரித்திரியக் கடல் வழிநூல் குறிப்பிடுகிறது. இதைக் கொண்டு இங்குள்ள கண்ணாடி அனைத்தும் மேற்கிலிருந்து வந்ததே என முடிவு செய்தல் பொருந்தாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் மணிகள் பலவற்றில் அலுமினா மிகுந்திருப்பது, மத்தியதரைக் கண்ணாடியிலிருந்து வேறுபட்ட தெற்காசியச் செய்முறையைச் சுட்டுகிறது. வந்த கண்ணாடியை ஏற்கவும், உள்ளூர் மணலிலிருந்து ஆக்கவும் வல்ல தொழிலறிவு இந்நிலப்பகுதியில் இருந்தது.

இக்கடல்வழியின் மறுகரை இன்றைய வளைகுடா நாடுகள். உம் அல் குவைனிலுள்ள அத்-தூர் அகழாய்வில் உரோமக் கண்ணாடிக் கலங்கள் வெளிப்பட்டன. ஓமானின் கோர் ரோரியில் கிடைத்த மட்கல ஓட்டில் கீரன் என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. ஓட்டில் பெயர் எழுதியவர் வரலாற்றில் இடம்பெற்றார். மணியில் எழுத இடமில்லை. அதைச் செய்தவர் பெயரின்றி மறைந்தார். இன்றும் வளைகுடாவின் கட்டடங்களை எழுப்பும் தமிழ்த் தொழிலாளர் பெயர்கள் அக்கட்டடங்களில் காணப்படுவதில்லை.

ஆகவே இத்தொழில் மரபைக் காத்தல் என்பது அழகிய மணிகளை அருங்காட்சியகப் பேழையில் அடுக்குவதோடு முடிவதன்று. ஆற்றரிப்புக்கு உள்ளாகும் அரிக்கமேட்டின் உலைக் கழிவுகளும் உடைந்த குழாய்களும் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். மாநில எல்லையும் மொழி எல்லையும் கடந்து, பாப்பாநாயுடுபேட்டைக் கைவினைஞரின் செயல்முறை அவர்களுடைய சொற்களிலேயே ஆவணமாக வேண்டும். மணிகள் மண்ணுள் இன்னும் பல நூற்றாண்டு கிடக்கும். அவற்றை இழுத்த கைகளின் அறிவு ஒரு தலைமுறை இடைவெளியில் அழிந்துவிடும்.