பாதிரிக்குடியார் காவல்

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுங்கள். ஜன்னலோர ஸீட் கிடைத்தால் ரொம்ப நல்லது. ஒத்தக்கடை தாண்டும் வரை யானைமலை உங்களோடு கூடவே வரும். அப்புறம் நரசிங்கம்பட்டி. அங்கிருந்து உள்ளே போகிற ரோட்டில் திரும்பினால் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து மொத்தமே சுமார் 25 கிலோமீட்டர்தான்.

‘சின்ன கிராமம், சுத்தி ஏழெட்டு மொட்டைப் பாறை. இதில் என்ன சார் வரலாறு?’ என்று கேட்கத் தோன்றும். அந்த மொட்டைப் பாறைகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற பெயர்களைக் கேளுங்கள். கழிஞ்சமலை, நாட்டார்மலை, வயத்துப்பிள்ளான்மலை, ராமாயிமலை, அகப்பட்டான்மலை, கழுகுமலை, தேன்கூடுமலை. வெறும் கல் என்று நினைத்திருந்தால் இத்தனை ஆசையாகப் பெயர் வைத்திருப்பார்களா?

கழிஞ்சமலையில் இயற்கையான ஒரு குகை. அதன் முகப்பில் தமிழி எழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையை அமைத்துக் கொடுத்தார் என்கிறது ஒரு கல்வெட்டு. இலஞ்சியைச் சேர்ந்த ஒரு வேளின் மகன் கொடுத்தது என்கிறது இன்னொன்று. யாருக்குக் கொடுத்தார்கள்? சமணத் துறவிகளுக்கு.

துறவிகள் ஏன் இங்கே வந்து தங்கினார்கள்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். துறவி சமைத்துச் சாப்பிட மாட்டார். பிச்சை ஏற்க, நடந்து போகிற தூரத்தில் ஊர் வேண்டும். குடிக்கப் பாறையிலேயே சுனை வேண்டும். ஆதரிக்கிற ஆட்கள் வந்து போக, பக்கத்தில் பெருவழி வேண்டும். மூன்றும் இங்கே இருந்தன. ஆகவே, குகையில் துறவி இருந்தார் என்றால் கீழே சோறு போட ஊர் இருந்தது என்று அர்த்தம். கல்வெட்டு துறவியைப் பற்றிப் பேசினாலும், அது சொல்லாமல் சொல்வது அந்த ஊரைப் பற்றித்தான்.

பக்கத்திலேயே மீனாட்சிபுரம். மாங்குளம் கல்வெட்டு என்று புத்தகங்களில் வருகிறதே, அது இருக்கிற மலை. 1882-ல் ராபர்ட் சீவெல் அந்த எழுத்துகளைப் பார்த்தார். படித்துப் பொருள் சொல்ல, பிற்பாடு பல அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்தார்கள். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதற்கு கி.மு. 2-ம் நூற்றாண்டு என்று காலம் கணித்தார். அரசன் பெயரை விட சுவாரஸ்யமானது இன்னொன்று. கொடையாளிகளில் ‘வெள்ளறை நிகமத்தார்’ என்று ஒரு கூட்டம். நிகமம் என்றால் வணிகர் சங்கம். அந்த வெள்ளறைதான் இன்று அதே வட்டாரத்தில் இருக்கிற வெள்ளரிப்பட்டி என்பது மகாதேவனின் கருத்து. அரச வம்சங்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. ஊர்ப் பெயர் மட்டும் லேசாகத் தேய்ந்து, அப்படியே உட்கார்ந்திருக்கிறது!

அரிட்டாபட்டிக்கே திரும்புவோம். இன்னொரு பக்கம் பாறையைக் குடைந்து ஒரு சிவன் கோயில். கி.பி. 7, 8-ம் நூற்றாண்டு பாண்டியர் காலத்தது. வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறு பக்கம் கையில் தண்டம் வைத்திருக்கும் லகுலீசர். பாசுபத சைவத்தின் குரு. மரபுப்படி அவரது சொந்த ஊர் குஜராத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் லகுலீசர் சிற்பம் மிக அபூர்வம். ஆக, வடக்கே இருந்து சமணமும் வந்திருக்கிறது, பாசுபதமும் வந்திருக்கிறது. இந்தக் குக்கிராமம் உலகத்தைத் தேடிப் போகவில்லை. உலகம் இதைத் தேடி வந்திருக்கிறது.

சமணமும் இங்கே மறுபடி தழைத்தது. குகைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பம். கீழே வட்டெழுத்து. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முந்தையது. மலையின் பெயர் திருப்பிணையன்மலை என்கிறது. ஊரின் பெயர் பாதிரிக்குடி. கூடவே ஒரு பொறுப்பையும் எழுதி வைத்திருக்கிறது. இந்தச் சிற்பம் பாதிரிக்குடியார் பாதுகாப்பில் இருக்கும் என்று. அரசன் காவல் என்று எழுதவில்லை, படை காவல் என்று எழுதவில்லை. ஊர்க்காரன் காவல்!

ஊர்க்காரனுக்கு மலையைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் இருந்தது. தண்ணீர். மழை பாறையில் விழுந்து, ஒரு பங்கு சுனையில் தங்கும். ஒரு பங்கு வெடிப்புகளில் இறங்கி ஊற்றாகக் கசியும். மிச்சம் சரிவில் வழிந்து கண்மாய்க்கு வரும். கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். மடை திறந்தால் வயலுக்குப் பாயும். ஆனைகொண்டான் போன்ற கண்மாய்கள் நிறைவது இப்படித்தான். இந்தப் பகுதியில் 72 நீர்நிலைகளும் 200 ஊற்றுகளும் இருப்பதாக அரசே கணக்கு சொல்கிறது. மலையை எடுத்துவிட்டால்? கண்மாய் வெறும் பள்ளம்.

மேலூர்ப் பக்கத்துக்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். கீழவளவு பக்கம் குன்றுகளை கேக் வெட்டுகிற மாதிரி கிரானைட்டுக்காக அறுத்தெடுத்தார்கள். 2012-ல் அந்த முறைகேடு வெடித்து நாடே பேசியது. விசாரணை வந்தது, வழக்குகள் வந்தன. போன குன்று மட்டும் வரவில்லை.

அரிட்டாபட்டி மலைகளில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு மாதிரி அரிய வேட்டைப் பறவைகளும் உண்டு. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் இங்கே வாழ்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரை தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

மூச்சு இரண்டு வருஷம்கூட நிம்மதியாக இல்லை. 2024 நவம்பர் 7-ம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். பாரம்பரியத் தலமும் அதற்குள் அடக்கம். டங்ஸ்டன் சாதாரணப் பொருள் இல்லை. துளையிடும் கருவி முதல் ராணுவத் தளவாடம் வரை அது தேவை. உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவின் கையில். ஆகவே நாட்டுக்கு அதன் அவசியம் நிஜம்தான். ஆனால், அந்த அவசியத்துக்கு விலை கொடுப்பது யார் என்ற கேள்வியும் நிஜம்தானே?

ஊர்கள் எழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஜனங்கள் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அடுத்த ஆபத்து எந்தப் பெயரில் வரும், யாருக்குத் தெரியும்? ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இருந்தும் ஏலம் வந்தது. ஊர் நடந்த பிறகுதான் போனது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்லில் எழுதியவன், காவலுக்கு யாரைப் போட வேண்டும் என்று சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தான்.